சென்னையில் மன்றோ சிலையைக் கிட்டப் போய்ப் பார்க்க ஏலுமா?

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். அடுத்த மாதம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போகிறேன். அவர் வரலாறு படிப்பித்தவர். அண்ணா சாலையில், தீவுத்திடலுக்குப் பக்கத்தில் குதிரைமேல் இருக்கிற மேஜர் ஜெனரல் தாமஸ் மன்றோவின் வெண்கலச் சிலையை ஆறுதலாக நின்று பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி. 1839இல் நிறுவியது. குதிரையில் சேணமும் இல்லை, கால் வைக்கிற வளையமும் இல்லை. சிற்பி மறந்துவிட்டார் என்று ஒரு கதை உலாவுகிறது, எனக்கு அதில் நம்பிக்கையே இல்லை. லண்டன் டிராஃபல்கர் சதுக்கத்தில் அவர் செய்த நான்காம் ஜோர்ஜ் சிலையும் அப்படித்தான் இருக்கிறது. மன்றோ 1820 முதல் 1827இல் கொலரா நோயால் இறக்கும்வரை மதராஸ் ஆளுநர். விவசாயிகளிடமிருந்து அரசு நேரடியாக வரி வாங்குகிற ரயத்துவாரி நிலவரி முறையைப் பரப்பியவர் என்பதால்தான் அப்பாவுக்கு இவ்வளவு ஈடுபாடு.

சிலை வாகனங்கள் ஓடும் சாலை நடுவே நிற்கிறது. அதுதான் யோசனை. அப்பாவுக்கு முழங்கால் வருத்தம், ஓடிக் கடக்க முடியாது. அண்மையில் போனவர்கள் சொல்லுங்கள்: பீடம்வரை நடந்து போக விடுகிறார்களா? ஆட்டோவை எங்கே நிறுத்தச் சொல்வது? ஞாயிறு காலையில் சன நெரிசல் குறைவா? அப்புறம், படம் எடுக்க எந்தப் பக்கத்தில் வெளிச்சம் நல்லது?

புனித ஜோர்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தையும் அன்றைக்கே பார்க்க நினைக்கிறோம். வயதானவர்களோடு போனவர்களின் பதில் பெரிய உதவியாக இருக்கும்.