இரண்டு சப்ளையர், ஒரே அடக்கவிலை: ஆர்டரைப் பிரிக்கலாமா?

மாதம் 2,000 எண்ணிக்கை தேவைப்படும் ஒரு கடைசல் பாகம். பக்கத்து சப்ளையரின் விலையை 100 என்று வைத்தால், தூரத்து சப்ளையர் 91 கேட்கிறார். வாகன வாடகை, பேக்கிங், வரி சேர்ந்தால் 97. அவரிடம் குறைந்தபட்ச ஆர்டர் 6,000. சராசரி இருப்பு ஒன்றரை மாதம், ஆண்டுக்கு 12% வட்டியில் இன்னொரு 1.5. ரிஜெக்‌ஷன் 2.5% (பக்கத்தவருக்கு 0.4%). கடைசியில் இருவருமே 101-ஐ ஒட்டித்தான். கொட்டேஷனில் தெரிந்த 9 எங்கே போனதோ!

70:30 எனப் பிரித்தால் தூரத்தவருக்கு மாதம் 600தான். ஒரு லாட் (ஒரே தடவையில் வரும் 6,000) தீரப் பத்து மாதம் ஆகும். இடையில் பாகத்தின் வரைபடம் மாறினால் அத்தனையும் கழிவு.

தூரத்தவரின் டெலிவரி 10 வாரம், 3 வாரம் முன்பின் ஆகும். இந்தத் தாமதத்துக்கான பாதுகாப்பு இருப்பை எப்படிக் கணக்கிடுகிறீர்கள்? ஆண்டு ஒப்பந்தம் போட்டு, லாட்டை மட்டும் 2,000 ஆகக் குறைக்கச் சொன்னால் சப்ளையர்கள் சாதாரணமாக விலையில் எவ்வளவு ஏற்றுவார்கள்?