ஈடிஎஸ் மட்டும் போதுமா? சிலிம் ரிவர் பக்கம் ஒரு கொமுட்டர் வேண்டாமா?

லயத்துவீடு:
பேராக் மாநிலத்துத் தஞ்சோங் மாலிமிலிருந்து தெற்கே, கோலாலம்பூர் (கே.எல்.) பக்கம், ஊருக்கு ஊர் நிற்கிற கொமுட்டர் ரயில் ஓடுது. வடக்கே பட்டர்வொர்த் கொமுட்டர் 2025 தொடக்கத்திலிருந்து சுங்கை சிப்புட் தாண்டி ஈப்போ வரைக்கும் வருது. நடுவுல பேராங், சிலிம் ரிவர், சுங்கை, தாப்பா ரோடு, கம்பார், பத்து காஜான்னு இருக்கிற நமக்கு மட்டும் கொமுட்டர் கிடையாது. இருக்கை பதிவு பண்ணி ஏறுற வேகமான மின்ரயில் ஈடிஎஸ் ஒன்றுதான், அதுவும் எல்லா வண்டியும் எல்லா ஊரிலும் நிற்கிறதில்லை.

என் மகளுக்கு தஞ்சோங் மாலிம்ல வேலை. விடியிறதுக்கு முன்னாடி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கிட்டு இருபது கிலோமீட்டருக்கு மேல போறா. மழை நாள்ல அவ போய்ச் சேர்ந்துட்டேன்னு மெசேஜ் போடுற வரைக்கும் அவ அம்மா அடுப்படிக்குப் போகமாட்டா. எங்க தோட்டத்து லயத்து வீடுகளுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவுல இருக்கிறது ஒரு செம்பனைக் காடுதான். காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. முன்பதிவு இல்லாம கார்டைத் தட்டி ஏறுற வண்டி. இதுதான் என் கோரிக்கை.

இரட்டைப்பாதை:
அண்ணே, உங்க கஷ்டம் புரியுது. ஆனா இது ஈடிஎஸ்ஸையே பாதிக்கும். அது மணிக்கு 140 கிலோமீட்டர்ல வர்ற வண்டி. முன்னாடி ஒரு கொமுட்டர் ஊருக்கு ஊர் நின்னு போனா, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் வேகம் குறைச்சு, ஆளை ஏத்தி, திரும்ப வேகம் எடுக்க மூணு நாலு நிமிஷம் போயிடும். பின்னாடி வர்றது எட்டிப் பிடிச்சுடும். அப்புறம் கொமுட்டரை ஒரு ஸ்டேஷன்ல ஓரங்கட்டி வச்சுத்தான் அதை விடணும். சரக்கு வண்டியும் இதே பாதையிலதான் போகுது.

ஈப்போக்காரங்க காரை வீட்டுல விட்டுட்டு கே.எல்.லுக்கு ரயில்ல போக ஆரம்பிச்சதே 2010ல ஈடிஎஸ் வந்த பிறகுதான். அந்த வேகத்தைக் கெடுத்தா அவங்க திரும்ப நெடுஞ்சாலைக்குப் போயிடுவாங்க. அப்போ டிக்கெட் காசும் போகும். அந்தக் காசு இல்லாம உங்க கொமுட்டரை யார் ஓட்டுவாங்க?

கம்பார்_மாணவி:
இரட்டைப்பாதை அண்ணா, இன்னொரு பக்கமும் பாருங்க. ஈடிஎஸ்ல ஒவ்வொருத்தருக்கும் இருக்கை ஒதுக்கணும், நின்னுக்கிட்டுப் போக முடியாது. சுங்கையிலிருந்து கம்பாருக்கு நான் ஒரு சீட்டு எடுத்தா, கே.எல்.லிலிருந்து ஈப்போ வரைக்கும் போக நினைக்கிற ஒருத்தருக்கு அந்த இருக்கை கிடைக்காது. தீபாவளி வாரத்துல தொலைதூரக்காரங்க முந்திக்கிட்டா எனக்குக் கிடைக்காது. ஒரே வண்டியை ரெண்டு பேருக்கும் கொடுத்து ரெண்டு பேரையும் காக்க வைக்கிறோம். குறுந்தூரத்துக்குத் தனி வண்டி இருந்தா ஈடிஎஸ்ஸும் நிறுத்தத்தைக் குறைச்சு இன்னும் வேகமாப் போகலாமே.

இரட்டைப்பாதை:
இந்த இருக்கைக் கணக்கு நியாயம்தான் தங்கச்சி. நான் யோசிக்காத விஷயம்.

பழைய_கிராணி:
நான் தோட்டத்து ஆபீசில் முப்பது வருஷம் கிராணியாக இருந்தவன். எக்ஸ்பிரஸ் ராக்யாட் ரயில் ஓடிய காலத்தில் டீசல் வண்டி மெதுவாகத்தான் வரும். ஆனாலும் பால்வெட்டுக்காரனும் அதில் ஏறுவான், அவன் பிள்ளையும் ஏறும். ஈடிஎஸ் நீள நீள, மேற்குக் கரையில் அந்த வண்டிகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. மின்மயம் தவறு என்று சொல்லமாட்டேன். புதியது வந்தபோது பழையதன் வேலையை யாரிடமும் ஒப்படைக்கவில்லை, அதுதான் தவறு. கிழக்குக் கரையில் கிளந்தானில் இன்றைக்கும் ஷட்டல் தீமூர் ரயில் குறைந்த கட்டணத்தில் சின்னச் சின்ன ஊர்களில் நின்று போகிறது.

தைப்பூசத்துக்கு நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? காரை ஓட்டிக்கொண்டு தஞ்சோங் மாலிம் போய், நிறுத்த இடம் தேடி, அங்கே கொமுட்டர் ஏறி, கே.எல்.லில் பத்துமலை வண்டிக்கு மாறுகிறார்கள். தண்டவாளம் நம் ஊர் வழியாகத்தான் போகிறது.

இரட்டைப்பாதை:
ஐயா, கிளந்தான் கதை வேற. அங்க ஒற்றைப் பாதை, வண்டியும் கம்மி, பின்னாடி துரத்திக்கிட்டு வர்ற ஈடிஎஸ் கிடையாது. டாபோங் பக்கம் பல ஊருக்கு ரயில்தான் வாழ்க்கை. நமக்கு சாலை இருக்கு. நேரத்துக்கு ஒரு பஸ்ஸை தஞ்சோங் மாலிம் கொமுட்டருக்கு இணைச்சா செலவு எத்தனையோ மடங்கு குறையும்.

லயத்துவீடு:
பஸ் ஓடாமலா இருந்துச்சு தம்பி? எங்க ஊர்ல ஓடின பஸ்ல முதல்ல ஒரு நடை குறைஞ்சுது. ஆள் குறைஞ்சாங்க. ஆள் குறைஞ்சதும் இன்னொரு நடை போச்சு. கடைசியில மோட்டார் வாங்க முடிஞ்சவன் வாங்கினான், முடியாத கிழவி வீட்டோட இருந்துட்டா. தண்டவாளத்தை நம்பித்தான் இந்த ஊர்ல ஜனங்க வீடே கட்டினாங்க.

செலவு யாருதுன்னு கேட்டீங்க. பூடி95 திட்டத்துல பெட்ரோல் லிட்டருக்கு 1.99 வெள்ளி. அதுக்கு அரசாங்கம் மானியம் கொடுக்குது, எனக்கும் சேர்த்துத்தான், வேண்டாம்னு சொல்லல. அந்த மோட்டாரை விட்டுட்டு ஒருத்தன் ரயில்ல ஏறினா அவனுக்கும் கொஞ்சம் கொடுக்கலாம்ல?

ரவாங்கிலிருந்து ஈப்போ வரைக்கும் 179 கிலோமீட்டர் இரட்டைப் பாதை, மேலே மின்கம்பி, எல்லாம் நம்ம வரிப் பணத்துல போட்டாச்சு. ரயில் பட்டறை பத்து காஜாவுல இருக்கு. அங்கிருந்து விடியற்காலையில ஒரு வண்டி கிளம்பினா, ஈடிஎஸ் கூட்டம் தொடங்குறதுக்குள்ள எங்க ஊரைத் தாண்டிடும்.

இரட்டைப்பாதை:
விடியற்காலை வண்டிக்கு நான் ஒத்துக்கிறேன். முன்னாடி யாரும் இல்லாத நேரத்துல பாதை சும்மா கிடக்கக் கூடாது. சாயங்காலம்தான் இடிக்குது. கே.எல்.லிலிருந்து ஈப்போவுக்கு வேலை முடிஞ்சு திரும்புற கூட்டம் அப்போதான். அந்த நேரத்துல கொமுட்டரை நுழைச்சா நூறு பேருக்காக முந்நூறு பேர் தாமதமாவாங்க.

லயத்துவீடு:
காலையில போற பொண்ணு சாயங்காலம் எப்படித் திரும்புவா? ஒரு வழிக்கு மட்டும் வண்டி விட்டா அவ மோட்டாரைத்தான் எடுப்பா.

இரட்டைப்பாதை:
தாப்பா ரோட்டுல பத்து நிமிஷம் ஓரங்கட்டி நிற்க அந்த கொமுட்டர்ல போறவங்க சம்மதிப்பாங்களா? சம்மதிச்சா வழி இருக்கு.

லயத்துவீடு:
பத்து நிமிஷமா? என் மகள் மழையில பெட்ரோல் ஸ்டேஷன்ல ஒதுங்கி நிற்கிறதே அதைவிட அதிகம்.

கம்பார்_மாணவி:
அப்போ எண்ணிக்கையோட போவோம். தினமும் தஞ்சோங் மாலிமுக்கோ கம்பாருக்கோ போறவங்க ஊர், எத்தனை பேர், எத்தனை மணிக்குன்னு இங்க எழுதுங்க. சட்டமன்ற உறுப்பினர்கிட்ட நான் கொண்டு போறேன். நான்: சுங்கை, ஒருத்தி, காலை ஏழு.

புதிய_உறுப்பினர்:
பேராங். என் வீட்டில் மூன்று பேர், தொழிற்சாலை. ஆறு மணிக்குள் கிளம்பணும்.

பழைய_கிராணி:
சிலிம் ரிவர். நானும் என் மனைவியும். மாதம் இருமுறை ஈப்போவுக்கு, கண் சிகிச்சைக்கு. எந்த மணியானாலும் சரி.

இரட்டைப்பாதை:
திரும்புற நேரத்தையும் எழுதச் சொல்லுங்க தங்கச்சி. சிக்கல் அங்கதான் இருக்கு.