தஞ்சைக் கோட்டை நடை: புதுப்பிப்பும் ஒரு திருத்தமும்

தஞ்சாவூரின் நான்கு ராஜவீதிகளையும் நடந்து பார்த்துவிட்டுச் சென்ற மாதம் எழுதிய பதிவில், மராத்தியர் ஆட்சி 1799-இல் முடிந்துவிட்டதாகக் குறிப்பிட்டிருந்தேன். அது பிழை, வருந்துகிறேன். அந்த ஆண்டின் உடன்படிக்கையால் நாட்டின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போனது. இரண்டாம் சரபோஜி மன்னருக்குக் கோட்டையும் அரச மரியாதைகளும் எஞ்சின. அவருடைய மகன் இரண்டாம் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசின்றி இறந்த பிறகே அரியணையும் இல்லாமல் போனது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு கடந்த ஞாயிறன்று மீண்டும் நடந்தேன். நாயக்கர் காலத்தில் தொடங்கிய அரண்மனையைச் சென்ற முறையே விரிவாக எழுதிவிட்டதால், இம்முறை நேரே பெரிய கோயிலுக்குப் போனேன்.

விமானத்தின் அடிப்பகுதியில், தானும் தன் அக்கனும் (தமக்கை குந்தவை) கொடுத்தவற்றைக் கல்லில் வெட்டுமாறு இராசராசன் இட்ட ஆணை இருக்கிறது. அதே கோயிலின் தென்மேற்குப் பகுதிச் சுவரில், தஞ்சை மராத்திய மன்னர்களின் குலமான போன்ஸ்லே வம்சத்தின் வரலாற்றைச் சொல்லும் நீண்ட மராத்திக் கல்வெட்டை 1803-இல் சரபோஜி பொறிக்கச் செய்தார். காலை வெயில் சாய்வாக விழும்போது வரிகள் நெருக்கமாக, கல்லுக்குக் கல் தொடர்ந்து ஓடுவது தெளிவாகத் தெரிந்தது. ஆட்சியதிகாரத்தை இழந்த நான்காம் ஆண்டில், ஒரு மன்னர் தம் முன்னோரின் கதையைச் சோழன் எழுப்பிய சுவரில் எழுதுவித்திருக்கிறார் என்பதை, ஆண்டுகளைத் திருத்திய பிறகுதான் நான் புரிந்துகொண்டேன்.

நடக்க விரும்புவோர் காலையில் கோயிலில் தொடங்கி, வெயில் ஏறும் முன் சிவகங்கைப் பூங்கா வழியாக அரண்மனைக்குச் செல்லலாம்.