புதுப்பிப்பு: சிங்கப்பூரில் பழைய மஸ்டா எம்எக்ஸ்-5, மறுவிற்பனை மதிப்பைப் பார்க்க வேண்டுமா?

பழைய எம்எக்ஸ்-5 (கூரையைத் திறக்கக்கூடிய இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்) வாங்கும்போது மறுவிற்பனை மதிப்பைப் பார்க்க வேண்டுமா என்று கேட்டிருந்தேன், பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வண்டி வாங்கியாச்சு. கைகொடுத்தது ‘பேப்பர் வேல்யூவைக் கழித்துப் பாருங்கள்’ என்ற யோசனைதான்: கேட்கும் விலையிலிருந்து மிச்சமிருக்கும் சிஓஇ-க்குத் (இங்கே வண்டி வைத்திருக்க 10 ஆண்டுக்கு வாங்கும் உரிமைச் சான்றிதழ்) திரும்பக் கிடைக்கும் பணத்தையும் பார்ஃப் தொகையையும் (10 ஆண்டுக்குள் வண்டியின் பதிவை ரத்து செய்தால், பதிவின்போது கட்டியதில் திரும்பக் கிடைக்கும் பங்கு) கழித்தால், வண்டியை ஓட்டுவதற்கென்று நாம் உண்மையில் செலவழிப்பது எவ்வளவு என்று தெரிந்துவிடும். மலிவாகத் தெரிந்த வண்டிக்கு 10 ஆண்டு முடிந்து சிஓஇ புதுப்பித்திருந்தார்கள், அதனால் பார்ஃப் போச்சு. விலை கூடுதலாக இருந்த வண்டிதான் கணக்கில் ஜெயித்தது. எதிர்பாராத விஷயம் ஒன்று உண்டு. துணிக்கூரையின் வடிகால் துளையில் சருகு அடைத்து, இருக்கைக்குப் பின்னால் கம்பளம் ஊறிக் கிடந்தது, அதைக் காட்டித்தான் விலையைக் குறைத்தேன். பார்க்கப் போகிறவர்கள் அங்கே கைவைத்துப் பாருங்கள்.