போட் மெயில் எப்ப நின்னுச்சு? 64 புயல்ல போனது அந்த வண்டிதானா?

வைகைக்கரை:
ராமேஸ்வரம் பக்கம் யார கேட்டாலும் 1964 தனுஷ்கோடி புயல்ல போட் மெயில் ரயில் அப்படியே கடலுக்குள்ள போயிடுச்சுன்னுதான் சொல்றாங்க, யூடியூப்லயும் அதே கததான். ஆனா எக்மோர்ல இருந்து ராமேஸ்வரம் போற வண்டிய இன்னைக்கும் போட் மெயில்னுதானே கூப்பிடுறாங்க? அப்ப நின்னது எது, ஓடுறது எது? ஒரே டிக்கெட்ல கொழும்பு வரைக்கும் போலாம்னு சொல்றதும் நெசமா? தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா.

மீட்டர்கேஜ் ராசா:
புயல்ல போனது போட் மெயில் இல்ல ப்ரோ. அது 653ம் நம்பர் பாம்பன் - தனுஷ்கோடி பாசஞ்சர். 1964 டிசம்பர் 22 நடுராத்திரிக்கு கொஞ்சம் முன்னாடி பாம்பன்ல இருந்து கிளம்புச்சு, தனுஷ்கோடிய நெருங்குற நேரத்துல அலை மொத்த வண்டியையும் சுருட்டிட்டு போயிடுச்சு. உள்ள இருந்த நூத்துக்கும் மேல பேர்ல ஒருத்தரும் மிஞ்சல, டிக்கெட் எடுக்காம ஏறினவங்களும் இருந்திருப்பாங்கன்னு சொல்றதால கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். போட் மெயிலுக்கு பேரு பெருசு, அதனால கத அது பேர்ல ஒட்டிக்கிச்சு, பாவம் அந்த லோக்கல் பாசஞ்சர் பேர யாரும் சொல்றதே இல்ல.

டிக்கெட் விஷயம் நெசம்தான். முதல்ல இந்த வண்டி தூத்துக்குடிக்குதான் போச்சு, அங்க இருந்து கொழும்புக்கு கப்பல். 1914ல பாம்பன் பாலம் திறந்த பிறகுதான் ரூட்ட தனுஷ்கோடிக்கு மாத்தினாங்க. கப்பல்துறை வரைக்கும் ரயில் போகும், இறங்கி இர்வின் இல்லன்னா கோஷன்னு ஒரு நீராவி கப்பல்ல ஏறினா சுமார் 35 கிலோமீட்டர்ல தலைமன்னார், அங்க கொழும்பு வண்டி காத்துகிட்டு நிக்கும். இந்தப் பக்கம் மீட்டர் கேஜ் (குறுகின தண்டவாளம்), அந்தப் பக்கம் பிராட் கேஜ் (அகலமான தண்டவாளம்). நம்ம ராமேஸ்வரத்துக்கு பிராட் கேஜ் வந்ததே 2007லதான்ங்கறத யோசிச்சு பாருங்க.

மன்னார்க்காரன்:
எங்கட பக்கத்துக் கதையையும் சொல்லவேணும். தலைமன்னார் இறங்குதுறையில ஏறினா கோச்சி (ரயில்) மன்னார், மதவாச்சி எண்டு போய் கொழும்பு கோட்டைக்குப் போகும். நீங்கள் எல்லாரும் இதை ஏதோ சுற்றுலா வண்டி மாதிரிக் கதைக்கிறியள், ஆனா அதில கனபேர் போனது தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குத்தான். மண்டபம் முகாமில மறிச்சு வைச்சு நோய் இருக்கோ எண்டு பாத்துப்போட்டுத்தான் கப்பல் ஏத்துவாங்கள். பிறகு 1964 ஒக்டோபர்ல சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்து இலங்கையில இருந்த இந்திய வம்சாவளிச் சனத்தில 5,25,000 பேரை இந்தியா எடுக்கிறதெண்டு முடிவாச்சுது, ரெண்டு மாசத்தில புயல். அதுக்குப் பிறகு கப்பல் ராமேஸ்வரம் - தலைமன்னார் எண்டு ஓடினது, மலைநாட்டுச் சனத்தில கனபேர் பெட்டி படுக்கையோட அதிலதான் திரும்பிப் போனது, போய் இறங்கினா திரும்பவும் அதே மண்டபம் முகாம்தான். 83 கலவரத்துக்குப் பிறகு சண்டை தொடங்க கப்பலும் நிண்டு போச்சு. 1990ல எங்கட கோச்சியும் நிண்டது, பாதையைத் திருப்பிப் போட்டு 2015 மார்ச்சிலதான் தலைமன்னார் வரைக்கும் ஓடத் தொடங்கினது.

வைகைக்கரை:
அருமை அண்ணே. அப்ப புயல்னால போட் மெயில் ஒருநாள் கூட நிக்கலயா?

மீட்டர்கேஜ் ராசா:
நிக்காம எப்படி, பாம்பன் பாலமே போயிடுச்சே. 145 கண்ணுல 126 கண்ணுக்கு கர்டர் (தண்டவாளத்த தாங்குற இரும்பு உத்தரம்) விழுந்துடுச்சு. அப்ப இளம் இன்ஜினியரா இருந்த ஈ. ஸ்ரீதரன் (ஆமா, பின்னாடி டெல்லி மெட்ரோ கட்டினவரேதான்) கடலுக்குள்ள கெடந்த கர்டர்கள தேடி எடுத்து 46 நாள்ல பாலத்த ஓட வெச்சாரு. வண்டி திரும்ப வந்துச்சு, ஆனா தனுஷ்கோடி லைன அப்படியே விட்டுட்டாங்க.

இதுல பலருக்கு தெரியாத விஷயம் ஒண்ணு, அந்தக் காலத்துல மெயின் லைன் தனுஷ்கோடிக்குதான், ராமேஸ்வரம் பாம்பன்ல இருந்து பிரியற ஒரு கிளை. புயலுக்கு அப்புறம் கிளையே மெயின் ஆயிடுச்சு. அதனால உங்க கேள்விக்கு ஒரு தேதி சொல்ல முடியாது. 64ல தனுஷ்கோடி போச்சு, 80கள்ல கப்பல் போச்சு, கொழும்பு டிக்கெட் போச்சு, வண்டிக்கு பேரு மட்டும் மிச்சம். இப்ப எக்மோர் - ராமேஸ்வரம்னு ஓடுறது அதோட வாரிசுன்னு வேணா சொல்லலாம்.

ரயில்பைத்தியம்:
தனுஷ்கோடிக்கு திரும்ப லைன் போடுறாங்கன்னு 2019ல அடிக்கல் நாட்டினாங்களே, அது என்னாச்சு?

மீட்டர்கேஜ் ராசா:
புது பாம்பன் பாலம் 2025 ஏப்ரல்ல திறந்தாச்சு, தனுஷ்கோடிக்கு இன்னும் ரோடு மட்டும்தான். என்ன கேட்டா லைன் வேண்டாம்பேன். ரெண்டு பக்கமும் கடல், நடுவுல மணல் திட்டு, அதுல சுமார் 17 கிலோமீட்டர் லைன் போட்டு செல்ஃபி எடுக்க ஆள் ஏத்திட்டு போறதுக்கு பதிலா, அந்தக் காச தலைமன்னார் கப்பலுக்கு போட்டா இந்த வண்டியோட பேருக்காவது ஒரு அர்த்தம் இருக்கும். நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல் விட்டாச்சுல்ல, இங்க மட்டும் ஏன் முடியாது?

மன்னார்க்காரன்:
அதைத்தான் நாங்களும் கேக்கிறம். எங்கட பக்கம் கோச்சி இறங்குதுறை வரைக்கும் வந்து நிக்குது.