சிறிய வீடு, ஓயாத விருந்தாளிகள், மாலை ஜெபம்: எப்படி நடத்துகிறீர்கள்?

தேரிக்காட்டுப் பெண்:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். நான் மெஞ்ஞானபுரம் பக்கத்துப் பெண். திருமணத்துக்குப் பிறகு சென்னை மேடவாக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். இரண்டு படுக்கையறை, ஒரு கூடம். கணவர், மூன்று வயது மகன், மாமியார், நான்.

எங்கள் வீட்டுக்கு ஆள் வராத வாரம் குறைவு. நேர்முகத்தேர்வுக்கு வரும் தம்பிமார், ஆஸ்பத்திரிக்கு வரும் பெரியம்மா, கல்யாணத்துக்குப் போகிற வழியில் ஓரிரவு தங்குகிறவர்கள் என்று ஊரிலிருந்து யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். கணவரின் அலுவலக நண்பர்களும் குடும்பத்தோடு வருவார்கள். அவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் அல்ல. எல்லாரும் வரவேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. ஆச்சி வீட்டில் அப்படித்தான் வளர்ந்தேன்.

ஆனால் இரவு எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம் என்பது மாமியாருக்கு மாறாத வழக்கம். நண்பர்கள் இருக்கும்போது ஜெபத்துக்கு உட்கார்ந்தால் அவர்கள் சங்கடப்படுவார்களே என்று கணவர் தயங்குகிறார். இருவருக்கும் நடுவில் நான் நிற்கிறேன். இன்னொன்று, விருந்தாளி வந்து போகும்வரை நான் அடுப்படியிலேயே இருக்கிறேன். அவர்கள் கிளம்பிய பிறகுதான் ஒரு வார்த்தைகூட உட்கார்ந்து பேசவில்லையே என்று உறைக்கிறது.

சுவரில் வசனப் பலகை, வருட வாக்குத்தத்தம், பெத்லகேம் படம் எல்லாம் இருக்கின்றன. வருகிறவர் மனதுக்கு இது ஒரு கிறிஸ்தவ வீடு என்று அவையெல்லாம் இல்லாமலே தெரியவேண்டும் என்பதுதான் என் விருப்பம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நெல்லைச் சீமை:

சகோதரி, நான் கிறிஸ்தவன் அல்ல. அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போய் வந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்தபோது சனி, ஞாயிறுகளில் சமாதானபுரத்தில் இருந்த நண்பன் வீட்டுக்குப் போவேன். இரவானதும் பாயை விரிப்பார்கள். நண்பனின் அப்பா என்னைப் பார்த்து, "நாங்கள் ஜெபம் பண்ணப் போகிறோம், தம்பி. நீ இங்கே உட்கார்ந்தாலும் சரி, மாடியில் காற்று வாங்கினாலும் சரி" என்பார். இரண்டும் சரிதான் என்பது அவர் குரலிலேயே தெரியும். அதனாலேயே நான் உட்கார்ந்தேன். ஒரு பாட்டுப் பாடுவார்கள். பாட்டி பெரிய எழுத்து வேதாகமத்தில் வரியின்மேல் விரலை வைத்து மெதுவாக வாசிப்பார். பிறகு வீட்டில் ஒவ்வொருவர் பேரையும் சொல்லி ஜெபிப்பார்கள். அதில் என் பேரும் வரும், எனக்கு அந்த வாரம் இருந்த கணக்குப் பரீட்சையும் வரும். என் பரீட்சையை நினைவில் வைத்திருக்கிறார்களே என்று நெஞ்சு நிறைந்துபோகும்.

வேறொரு வீட்டில், ஜெபம் என்று தொடங்கி, கண்ணை மூடிக்கொண்டே எனக்குப் பிரசங்கம் செய்தார்கள். அந்த வீட்டுக்கு நான் மறுபடி போகவில்லை. உங்கள் கணவரின் தயக்கம் இதைப் பற்றியதாக இருந்தால் அது நியாயமான தயக்கம். ஆனால் ஜெபத்தை நிறுத்த வேண்டியதில்லை. நண்பர்களுக்கு வெளியேறும் வழி ஒன்றை வெளிப்படையாகக் கொடுத்துவிடுங்கள், போதும்.

குருமனை அம்மா:

மகளே, ஸ்தோத்திரம். நான் ஒரு குருவானவரின் மனைவி. ஐயா ஓய்வுபெற்று இப்போது பாளையங்கோட்டையில் இருக்கிறோம். அதுவரை சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றல், சேகரத்துக்குச் சேகரம் வேறு குருமனை. சேகரம் என்றால் ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகள், குருமனை என்றால் அவருக்குச் சேகரம் கொடுக்கும் வீடு. கட்டில் சேகரத்தினுடையது, மேஜை சேகரத்தினுடையது, சில ஊர்களில் கூரை ஒழுகுவதும் சேகரத்தினுடையது. சொல்லிவிட்டு வருகிறவர்கள் அங்கே குறைவு. சிற்றூர்ச் சபையைக் கவனிக்கும் உபதேசியார் வருவார், ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு ஒருவர் வருவார், சண்டை போட்டுக்கொண்டு புருஷனும் பெண்சாதியும் தனித்தனியாக வருவார்கள். எல்லாருக்கும் அதே கதவுதான்.

முதலில் வீட்டு ஏற்பாட்டைச் சொல்கிறேன். 2 இராஜாக்கள் நான்காம் அதிகாரத்தில் சூனேம் ஊர்ப் பெண் எலிசா தீர்க்கதரிசிக்காக மாடியில் ஒரு சிறிய அறை கட்டுகிறாள். உள்ளே என்னென்ன வைத்தாள்? ஒரு கட்டில், மேஜை, நாற்காலி, குத்துவிளக்கு. நடந்து வந்து களைத்த ஒருவருக்கு என்ன வேண்டுமோ அது மட்டும். உங்களுக்கு அறை கிடையாது, பரவாயில்லை. அலமாரியில் ஒரு தட்டைக் காலியாக வையுங்கள். வெளியூரிலிருந்து வருகிறவரைக் கவனித்துப் பாருங்கள்: பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் காலடியிலேயே வைத்துக்கொண்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பார். "இது உங்கள் தட்டு, பையை இங்கே வையுங்கள்" என்றால் அவர் தோள் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். அந்தத் தட்டிலேயே துவைத்த போர்வை, துண்டு, புதுச் சோப்பு, கொசுவத்தி. கைபேசிக்கு மின்சாரம் எங்கே, இரவில் குளியலறை விளக்கு எது என்பதையும் காட்டிவிடுங்கள். கூச்சப்படுகிறவர்கள் இதையெல்லாம் கேட்கமாட்டார்கள், இருட்டில் தடவிக்கொண்டு போவார்கள்.

அடுத்தது உன் அடுப்படி. இயேசு வீட்டுக்கு வந்தபோது சகோதரி மரியாள் அவர் காலடியில் உட்கார்ந்து கேட்க, வேலையிலேயே ஓடிக்கொண்டிருந்த மார்த்தாளை எல்லாப் பிரசங்கத்திலும் குறை சொல்கிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. லூக்கா பத்தாம் அதிகாரத்தை மெதுவாக வாசித்துப் பார். இயேசுவைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்டவளே மார்த்தாள்தான். யோவான் பன்னிரண்டாம் அதிகாரத்திலும் அவள்தான் பணிவிடை செய்கிறாள், அங்கே அவளை யாரும் கடிந்துகொள்ளவில்லை. ஆண்டவர் கடிந்தது அவள் சமைத்ததற்காக அல்ல, பலதையும் நினைத்துக் கலங்கியதற்காக. ஆகவே கறிகளின் எண்ணிக்கையைக் குறை. எங்கள் வீட்டில் வார நாள் என்றால் ஒரு குழம்பு, ஒரு காய், அப்பளம். யார் வந்தாலும் அதுதான், பேராயரே வந்தாலும் அதுதான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்பு. ஆள் கூடினால் உருளைக்கிழங்கும் கூடும்.

உலை வைக்கும்போது ஆலயத்துக்கென்று ஒரு பிடி அரிசியை எடுத்துக் கலயத்தில் போடுவது உன் ஆச்சி வீட்டிலும் இருந்திருக்கும். நான் அதோடு இன்னொரு பிடியை உலையிலேயே கூடுதலாகப் போடுவேன், தெரியாமல் வரப்போகிறவருக்கு. யாரும் வராவிட்டால் மறுநாள் காலையில் பழைய சோறு. சின்னவன் கையாலேயே அந்தப் பிடியை எடுக்கச் சொல். வீட்டில் எப்போதும் இன்னொருவருக்கு இடம் உண்டு என்று அவன் கை படித்துக்கொள்ளும்.

பெண்கள் வந்தால் அடுப்படிக்குள்ளேயே ஒரு முக்காலி போடு. ஆஸ்பத்திரிக்கு வந்த பெரியம்மாவைக் கூடத்தில் தொலைக்காட்சி முன்னால் உட்காரவைத்தால் அவர்களுக்குப் பயம்தான் கூடும். சின்ன வெங்காயத்தை ஒரு தட்டில் போட்டு உரிக்கக் கொடு. கைக்கு வேலை இருந்தால் வாய் தானே திறக்கும். டாக்டர் சொன்னது, மகனிடம் சொல்லாமல் மறைத்தது எல்லாம் அங்கேதான் வெளியே வரும். உனக்கும் உட்கார்ந்து பேசின திருப்தி கிடைக்கும், குழம்பும் ஆகிவிடும்.

அப்படிக் கேட்டதை அன்றைக்கு ராத்திரி ஜெபத்தில் சொல்லிவிடாதே. இதை நான் அழுத்திச் சொல்வேன். "ஆண்டவரே, இந்தச் சகோதரியின் கணவர் குடியை விடவேண்டும்" என்று எல்லார் முன்பாகவும் ஜெபித்தால், அந்தப் பெண் இனி எந்தக் கிறிஸ்தவ வீட்டிலும் வாய் திறக்கமாட்டாள். தனியாகக் கேட்டதைத் தனியாக ஜெபி. சபை நடுவே ஜெபம் என்ற பேரில் அடுத்தவர் துக்கம் ஊர்ப்பேச்சாவதை நான் எத்தனையோ தரம் பார்த்து வேதனைப்பட்டிருக்கிறேன்.

மாலை ஜெபத்தைப் பொறுத்தவரை, மேலே எழுதியிருக்கும் தம்பி சொன்னதே சரி. நிறுத்தாதே, சுருக்கு. ஒரு கீர்த்தனை, ஒரு சங்கீதம், சின்ன ஜெபம். பாட்டுக்குக் கீர்த்தனையையே எடுக்கச் சொல்வேன். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் இந்த மண்ணின் இராகங்களிலேயே பாடி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எந்தத் தமிழ்க் காதுக்கும் அது அந்நியமாகப் படாது. மறுநாள் காலையில் புறப்படுகிறவர் இருந்தால் 121-ஆம் சங்கீதம் வாசியுங்கள், கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார் என்று முடிகிற சங்கீதம் அது. மாமியாரிடம் இதைக் கணவர் சொல்லட்டும், நீ சொல்லாதே.

இன்னும் ஒன்று, கொஞ்சம் கசப்பானது. நம் ஊர்களில் ஆலயத்துப் பொதுவிருந்தான அசனத்தன்று பணக்காரர், ஏழை எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அதே ஆட்கள் வீட்டுக்குப் போனால் வேலைக்கு வரும் அம்மாவுக்கு ஓரமாக ஒரு தனித் தம்ளர். தனித் தம்ளர் இருக்கும் வீட்டில் எத்தனை வசனம் மாட்டினாலும் எனக்கு அது கிறிஸ்தவ வீடு அல்ல. விருந்தாளி குடித்த தம்ளரில் அவர்களும் குடிக்கட்டும், அதே மேஜையில் சாப்பிடட்டும். லூக்கா பதினாலாம் அதிகாரத்தில் ஆண்டவர் விருந்துக்குக் கூப்பிடச் சொன்னவர்கள் யார் என்று பார்த்தால் புரியும்: ஏழைகள், ஊனர், சப்பாணிகள், குருடர்.

வீட்டு ஆட்களை வாட்டி விருந்தாளியைக் குளிரவைக்காதே. யார் வந்தாலும் மாமியாரின் கட்டிலைக் கேட்காதே, பிள்ளை தூங்கும் நேரத்தை மாற்றாதே. பேதுரு முறுமுறுப்பில்லாமல் உபசரிக்கச் சொல்கிறார் (1 பேதுரு 4:9). முறுமுறுப்பு வரும் அளவுக்கு உடம்பு சோர்ந்திருந்தால், "இந்த வாரம் முடியவில்லை, அடுத்த வாரம் கட்டாயம் வாருங்கள்" என்று அன்பாகச் சொல்லிவிடலாம். அது பாவம் இல்லை.

முத்துநகரான்:

நான் தூத்துக்குடி, கத்தோலிக்கன். அம்மா சொன்னதில் ஒரு குறை. எல்லாவற்றையும் அந்தத் தங்கையிடமே சொல்லியிருக்கிறார்கள்.

ஜூலை 26-இல் பனிமய மாதா கோயிலில் கொடியேறினால் ஆகஸ்ட் 5 திருவிழாவரை எங்கள் வீட்டில் கால் வைக்க இடமிருக்காது. கூடம் முழுக்கப் பெண்களும் பிள்ளைகளும் பாயில், மொட்டைமாடி முழுக்க ஆண்கள். தண்ணீர் பிடித்து வைப்பது, பாய் இரவல் வாங்குவது, மீன் வாங்குவது, சாப்பிட்ட தட்டுகளைக் கழுவுவது எல்லாம் ஆண்கள் வேலை என்று என் அப்பா வைத்த சட்டம். மாதந்தோறும் அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டம் வீடுவீடாகச் சுற்றி எங்கள் வீட்டுக்கு வரும்போதும் தேநீர் போடுவது நான்தான். செபமாலை முடியும்வரை மனைவி எழுந்திருக்கக்கூடாது.

தங்கை கணவரிடம் காட்டவேண்டியது இந்தப் பதிவைத்தான். இப்போது தென்மாவட்டத்து அரசுப் பேருந்துகள் சென்னைக்கு வெளியே கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தோடு நின்றுவிடுகின்றன. விடியற்காலையில் மூட்டையோடு இறங்கும் பெரியம்மாவுக்கு மேடவாக்கம் எந்தப் பக்கம் என்றே தெரியாது. கணவர் போய் நின்று கூட்டிக்கொண்டு வரட்டும். உபசரிப்பு அந்த நடைமேடையிலேயே ஆரம்பிக்கிறது.

தேரிக்காட்டுப் பெண்:

எல்லாருக்கும் மிக்க நன்றி. கணவர் வாசித்துவிட்டார். கிளாம்பாக்கம் இனி அவர் பொறுப்பு என்று ஒத்துக்கொண்டார். அலமாரித் தட்டை இன்றைக்கே காலி செய்கிறேன்.

அம்மா, ஒரு சந்தேகம். வருகிற சனிக்கிழமை மதியம் கணவரோடு வேலை பார்ப்பவர் குடும்பத்தோடு சாப்பிட வருகிறார். சுத்த சைவம். நாம் கறி சமைக்கும் பாத்திரத்தில் சமைத்தால் சாப்பிடுவார்களா என்று மாமியார் கவலைப்படுகிறார்கள். சாப்பாட்டு ஜெபத்தையும் எப்போது செய்வது?

குருமனை அம்மா:

மகளே, ஊகிக்காமல் கேட்டுவிடுங்கள். உன் கணவர் நண்பரிடம், "எங்கள் வீட்டில் அசைவம் சமைப்போம். உங்களுக்கு எப்படி வசதி?" என்று இப்போதே கேட்கட்டும். சிலருக்குப் பாத்திரம் ஒரு பொருட்டே இல்லை. சிலர் பழமும் பாலும் மட்டும் போதும் என்பார்கள். எதைச் சொன்னாலும் மனம் வாடவேண்டாம், அவர்கள் ஒழுங்கை மதிப்பதும் உபசரிப்புதான். சாப்பிடுவோம் என்றால், அன்று காலையிலிருந்தே வீட்டில் மீன், கறி, முட்டை வேண்டாம். வாணலியும் கரண்டியும் தனியாக எடுத்து வை. தட்டுக்குப் பதில் வாழையிலை போட்டால் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

சாப்பாட்டு ஜெபத்தைப் பரிமாறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். சோற்றில் கை வைத்தவரைக் காத்திருக்கவைக்கக்கூடாது. உன் கணவர் சாதாரணக் குரலில் இரண்டு வாக்கியம் சொன்னால் போதும், அதில் வந்தவர்களுக்காக ஒரு நன்றியும் இருக்கட்டும்.

என்ன சமைப்பது என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நம் ஊர்ச் சொதி வை. தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய். வெங்காயம், பூண்டு சேர்ப்பார்களா என்பதையும் கேட்டுக்கொள். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல். இரண்டாம் பாலில் காய் வேகட்டும், முதல் பாலைக் கடைசியில் ஊற்றி நுரை கூடியதும் இறக்கிவிடு. எலுமிச்சம்பழத்தைச் சூடு கொஞ்சம் தணிந்த பிறகே பிழி, கொதிக்கும்போது பிழிந்தால் பால் திரிந்துவிடும்.