ஹார்லியின் பின்பெட்டியைக் கழற்றி மாட்டும்படி மாற்றிய அனுபவம்

மனைவியுடன் அமெரிக்காவின் ப்ளூ ரிட்ஜ் பார்க்வே மலைச்சாலையின் 469 மைல்களையும் ஓட்டிப் பார்க்கக் கிளம்பும்போது ஹார்லி-டேவிட்சன் பைக்கின் டூர்-பேக் என்ற பின்பெட்டி மிகுந்த உதவி. ஹெல்மெட்டுகளும் மழை உடைகளும் உள்ளே அடங்கும், பின்னால் அமர்பவருக்குச் சாய்மானமும் அதுவே. வட கரோலினாவுக்குள் தனியாக அலுவலகம் போய்வரும் நாட்களிலோ, பின்சக்கரத்துக்கு மேலே உயரத்தில் நிற்கும் அந்தச் சுமை பக்கக் காற்றில் வண்டியை அலைக்கழிக்கிறது. கோல்டு விங் என்ற தன் நெடுந்தூரப் பைக்கைப் பெட்டி இல்லாமல் ஓட்ட விரும்பியவர்களுக்காக ஹோண்டா 2013இல் எஃப்6பி என்று தனி மாடலையே கொண்டுவந்தது. ஹார்லியில் ஒரே வண்டியை இரண்டு விதமாகவும் வைத்துக்கொள்ளலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ஹார்லியின் அல்ட்ரா என்ற நெடுந்தூர (டூரிங்) மாடலில் பெட்டியின் அடித்தட்டு, பெட்டியைத் தாங்கும் சட்டத்தோடு போல்ட்டுகளால் நிரந்தரமாக இறுக்கப்பட்டிருக்கும். அந்தச் சட்டத்துக்குப் பதிலாகக் கொக்கியும் பூட்டும் உள்ள சட்டத்தையும், அதைத் தாங்க வண்டியின் இருபுறமும் சேர்த்து நான்கு முனைகளையும் பொருத்த வேண்டும். 2009இல் டூரிங் வண்டிகளின் அடிச்சட்டமே மாறிவிட்டதால், பழைய வண்டியின் பாகங்களை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாமல், ஆண்டைச் சரிபார்த்தே வாங்குங்கள்.

இரும்பு வேலை அத்துடன் முடிந்துவிடும். பெட்டி எளிதாகக் கழலுமா என்பதைத் தீர்மானிப்பது வயர்கள்தான். விளக்குக்கும் ஸ்பீக்கருக்கும் ஆண்டெனாவுக்கும் போகும் இணைப்புகள் சீட்டுக்கு அடியில் இருந்தால், ஒவ்வொரு முறையும் சீட்டைக் கழற்ற நேரும், சில வாரங்களில் பெட்டி மறுபடியும் நிரந்தரமாகிவிடும். ஆகவே விளக்கு, ஸ்பீக்கர் வயர்களை ரப்பர் அடைப்புள்ள ஒரே கனெக்டரில் சேர்த்து, சீட்டின் பின்விளிம்பில் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தேன். மின்சாரம் வரும் வண்டிப் பக்கத்தில் முள் வெளியே நீளாத பெண் கனெக்டரையே பொருத்தினேன். பெட்டி இல்லாத நாட்களில் அதன் வாயை மூடி வைப்பதால் மழைநீர் இறங்குவதில்லை. ஆண்டெனாவைப் பெட்டியிலிருந்து பிரித்து மட்கார்டு ஓரத்தில் தனித் தாங்கியில் நிறுத்திய பிறகு, பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரேடியோ ஒரேபோலக் கேட்கிறது.

இப்போது கனெக்டரைப் பிரித்து, பூட்டைத் திறந்து, கைப்பிடியைத் திருப்பினால் சட்டத்தோடு பெட்டி கழன்று வருகிறது. தூக்கும் முன் பக்கப்பெட்டி மூடிகளின்மேல் கனத்த துணியை விரித்துவிடுங்கள். காலியாக இருந்தாலும் ஒருவர் தூக்கச் சிரமமான பொருள் இது, சட்டத்தின் முனை பட்டால் பெயின்ட் போய்விடும். திரும்ப மாட்டும்போது நான்கு முனைகளிலும் சரியாக உட்கார்ந்ததா என்று கண்ணால் பார்த்து, பெட்டியை மேல்நோக்கி ஒரு முறை பலமாக இழுத்து, பிரேக் விளக்கு எரிகிறதா என்றும் பார்த்த பிறகே சாலைக்கு வருகிறேன். முனைகளில் உள்ள ரப்பர் தேயத் தொடங்கினால் குண்டும் குழியுமான சாலையில் பெட்டி கடகடக்கும். அந்தச் சத்தம் கேட்டவுடனே ரப்பரை மாற்றிவிடுவது நல்லது, ஏனென்றால் அந்த ஆட்டம் நாளடைவில் பூட்டையும் தேய்த்துவிடும்.